மாலை கழற்றிய நாட்கள்

குகன் மாலையைக் கழற்றாமல் இருந்ததற்குக் காரணம் பக்தி இல்லை, பயம். பனியன் கம்பெனியில் அவனைத் தலையில் தூக்கி வைத்து ஆடியவர்களுக்கு இது தெரியாது. தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடப்பவர்கள் மாலை போடுவார்கள், கறி தின்னமாட்டார்கள், தனியாகப் பாய் விரித்துப் படுப்பார்கள். மலையேறி இறங்கியதும் கழற்றிவிட்டுப் பழையபடி ஆகிவிடுவார்கள். குகன் மட்டும் கழற்றவேயில்லை. மாலை கிடந்தால் குடி நிற்கிறது என்று கண்டுகொண்டவன், வருஷக்கணக்காக அதைக் கழுத்திலேயே வைத்துக்கொண்டான்.

குடித்த காலத்தில், கைக்குழந்தையாக இருந்த மகள் கீர்த்தனாவை வண்டியிலிருந்து கீழே போட்டவன் அவன். பிள்ளையின் புருவத்தில் தழும்பு இன்னும் இருக்கிறது. அதனால் அவன் மனைவி ஜெயசுதாவும் முதலில் அந்த மாலையைக் கையெடுத்துக் கும்பிட்டாள். குடிகாரன் போய் சாமி வந்தார். மாலை போட்டவரை முறை சொல்லிக் கூப்பிடக் கூடாதல்லவா? கட்டினவளே "சாப்பிட வாங்க சாமி" என்றாள். பேச்சு வந்ததும் பிள்ளையும் பெற்றவனைச் சாமி என்றே அழைத்தது. வீட்டில் கறி வாசம் இல்லை, சினிமா இல்லை, தூங்கும்போது தோளில் ஒரு கை இல்லை. ஊரே அவன் ஒழுக்கத்தை மெச்சியது. மெச்சுகிறவர்களுக்கு என்ன, வாழ்கிறவள் அவள்.

போன தைக்கு அவன் பையைக் கட்டும்போது கேட்டே விட்டாள் ஜெயசுதா.

"இந்தத் தடவ மலையிலயே கழட்டிட்டு வாங்க சாமி. எனக்கு எம்பட மாமன் வேணுமுங்க."

கழற்றிவிட்டு வந்தான். அவள் மாலையை வாங்கி முருகன் படத்தில் மாட்டினாள்.

அந்த நாட்களைப் பார்த்திருக்க வேண்டும்! கோழிக் குழம்பை விரல் சூப்பிச் சாப்பிட்டான். "ஏனுங்க மாமா, சட்டியையுமா திங்கப் போறீங்க?" என்று அவள் கேலி செய்தாள். கீர்த்தனா அவன் மடியில் ஏறி "அப்பா" என்று சொல்லிப் பார்த்தாள். முதலில் வெட்கத்தோடு, பிறகு காரணமே இல்லாமல் நாள் முழுக்க. ஜெயசுதா பக்கத்தில் படுத்தவனைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் தூங்கினாள்.

ஒரு சனிக்கிழமை கம்பெனியில் ஷிப்மென்ட் சீக்கிரமே போய், வேலை முடிந்துவிட்டது. மூவரும் சாயங்காலம் சினிமாவுக்குப் போவதாகப் பேச்சு. ஜெயசுதா நல்ல சேலையைக் கட்டிக்கொண்டு வாசலில் நின்றாள். வந்தவன் கையில் மல்லிகைப் பூ இருந்தது. அவள் முகத்தைப் பார்க்காமலே அதை நீட்டினான். அவள் பதறிப்போய் அவன் வாயருகில் மோந்து பார்த்தாள். வாடை இல்லை.

"குடிக்கல சுதா. கடை வாசல் வரைக்கும் போயிட்டேன். இந்தப் பூவ உன்ற தலையில வெச்சுப் பாக்கோணும்னு நெனச்சுக்கிட்டே வந்தேன். அத்தன சந்தோசம். பாத்தா வண்டி அங்க போய் நிக்குது."

"அதான் திரும்பி வந்துட்டீங்கல்ல மாமா? அது போதுமுங்க."

"இன்னிக்கு வந்துட்டேன். துக்கம்னா தாங்கிக்குவேன் சுதா. சந்தோசத்தத்தான் என்னால தாங்க முடியல. அந்த மாலையக் குடு."

அவளுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. குடிக்காதவனுக்கு எதற்கு இந்தத் தண்டனை, எனக்கு எதற்கு என்று கத்த வாயெடுத்தாள். அதற்குள் கீர்த்தனா புதுக் கவுனோடு ஓடிவந்து வண்டியின் முன்னால் ஏறி நின்றுகொண்டாள். பவுடர் அப்பிய முகத்தில் அந்தத் தழும்பு மட்டும் தனியாகத் தெரிந்தது.

ஜெயசுதா உள்ளே போனாள். பூவைப் படத்துக்கு வைத்துவிட்டு மாலையை எடுத்து வந்தாள். அவன் குனிந்தான். அழுதுகொண்டே அவளே போட்டுவிட்டாள்.

"அப்பா, நேரமாச்சு. வண்டிய எடுங்கப்பா" என்றாள் கீர்த்தனா.

"அப்பான்னு சொல்லக்கூடாது கண்ணு" என்றாள் ஜெயசுதா. "சாமின்னு கூப்புடு."