மருந்துக் குழாயில் நீர்மாலை

ஆம்புலன்ஸை வீடு வரை விடவில்லை. தெருமுனையில் டிராக்டரைக் குறுக்கே நிறுத்தியிருந்தார்கள். கொச்சி விமான நிலையத்திலிருந்து குமுளி மலை இறங்கி வந்த டிரைவர் தலையை நீட்டி, "சேச்சி, பெட்டி எவிடெ இறக்கணும்?" என்று கேட்டார். நாகஜோதி வாய் திறப்பதற்குள் அவள் கணவனின் பெரியப்பா ஒச்சாண்டி முந்திக்கொண்டார்.

"நேரா சுடுகாட்டுக்கு விடுப்பா. அங்கன எல்லாம் தயாரா இருக்கு."

"மாமா, குளிப்பாட்ட வேணாமா? நீர்மாலைத் தண்ணி எடுத்து ஊத்தாம எப்பிடி அனுப்புறது?"

"அவனுக்கு எடுக்கப் போயி, அப்பறம் ஊருக்கே எடுக்கச் சொல்றியா ஆத்தா?"

பெட்டிக்குள் இருந்தவன் அவள் கணவன் சுருளிராஜன். வளைகுடாக் கரையில், கடல் தண்ணீரைக் குடிதண்ணீராக்கும் ஆலையில் குழாய் வெல்டர். அந்த ஆலை வேலை செய்யும் விதத்தை அவன் ஒரு விடுப்பில் அவளுக்குச் சல்லடையை வைத்தே விளக்கியிருக்கிறான். கடலிலிருந்து தண்ணீரை உறிஞ்சி, கண்ணுக்குத் தெரியாத துளைகளுள்ள சவ்வின் வழியே பெரும் அழுத்தத்தில் தள்ளுவார்கள். உப்பு இந்தப் பக்கம் நின்றுவிடும், தண்ணீர் அந்தப் பக்கம் போய்விடும். அந்த ஊர் மொத்தமும் குடிப்பது அதைத்தான்.

அதே கடலின் அக்கரையில் ஓர் அணுமின் நிலையம் இருந்தது. போர் தொடங்கியதிலிருந்து அதன் பக்கத்தில் குண்டு விழுவதாகத் தொலைக்காட்சி சொல்லிக்கொண்டே இருந்தது. அங்கே ஏதாவது உடைந்து கடலில் கலந்தால் இக்கரையில் குடிக்க என்ன இருக்கும்? "எல்லாரும் பாட்டில் தண்ணிய வாங்கி அடுக்குறாய்ங்க. எங்களுக்கு மாத்திரை குடுத்திருக்காக, அயோடின்" என்றான் கடைசியாகப் பேசியபோது. கழுத்திலுள்ள தைராய்டு சுரப்பி அயோடின் எங்கே கிடைத்தாலும் இழுத்துக்கொள்ளும். நல்ல அயோடினால் அதை முன்பே நிரப்பிவிட்டால் கதிர் சிந்தும் கெட்ட அயோடினுக்கு இடம் இருக்காது. சீட்டெல்லாம் நிறைந்த பஸ் மாதிரி என்று சிரித்தான்.

அடுத்த வாரம் தூக்கத்திலேயே போய்விட்டான். மாரடைப்பு என்றார்கள். நிலையத்திலிருந்து எதுவும் கசியவில்லை என்று செய்தியில் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். திரும்பத் திரும்பச் சொன்னதாலேயே ஊர் நம்பவில்லை. நாகஜோதியும்தான். திராட்சைப் பெட்டியை இரண்டிரண்டாகத் தலையில் சுமந்தவனுக்கு மாரடைப்பா? அப்படியானால் பெட்டியை ஏன் இத்தனை இறுக்கமாக அடைக்க வேண்டும்?

பொட்டிப்புரம் மலையைக் குடைந்து நியூட்ரினோ ஆய்வகம் வரும் என்றபோது வேன் பிடித்துப் போய் எதிர்த்த ஊர் அது. கதிர்வீச்சு என்ற சொல்லை அவர்களுக்கு யாரும் புதிதாகக் கற்றுத்தர வேண்டியதில்லை.

தேனியில் எக்ஸ்ரே படிப்புப் படிக்கும் மகள் ஓவியா முன்னால் வந்தாள். "தாத்தா, வெளிச்சம் பட்டவன் பல்பு ஆயிருவானா? கதிர் பட்டாலும் அப்பிடித்தான், பட்டவன்கிட்ட இருந்து அடுத்தவனுக்கு வராது. அணுத் தூசி மேல ஒட்டியிருந்தாத்தான் பயம். அதுவும் கழுவுனாப் போயிரும்."

"கழுவுன தண்ணி எங்கிட்டு ஆத்தா போகும்? நம்ம வாய்க்காலுக்குத்தான?"

அவர் கேட்டதில் தப்பில்லை.

கடைசியில் சுருளிராஜனின் தம்பி ஈஸ்வரபாண்டிதான் வழி சொன்னான். "வீட்டுக்கு வேணாம் மதினி. நம்ம தோட்டத்துல வச்சுத் திறப்போம். வெசத்தோட பழகுறவய்ங்கதான நாம. எப்பிடிக் கையாளணும்னு தெரியாதா?"

திராட்சைப் பந்தலுக்கடியில் பெட்டி இறங்கியது. ஈஸ்வரபாண்டி கொடிக்கு மருந்தடிக்கப் போகும் கோலத்தில் வந்தான். மழைக்கோட்டு, கையுறை, மூக்கை மூடிய முகக்கவசம். ஒரு கை மண்ணை அள்ளி மெல்ல விட்டுப் பார்த்தான். மண் கிழக்கே சாய்ந்து விழுந்தது. "காத்து மேக்க இருந்து வருது. எல்லாரும் மேக்க வந்து நில்லுங்க." விசைத் தெளிப்பானையும் நீளமான குழாயையும் இழுத்து வைத்தான். பங்காளிகள் வெள்ளைத் துணி பிடித்துக் குடத்தில் கொண்டுவந்த நீர்மாலைத் தண்ணீர் நீல ட்ரம்முக்குள் போனது. ஒரு குடம் மட்டும் மீதி இருந்தது.

"ஏலே ஈஸ்வரா, அண்ணனுக்கு நீர்மாலையா, கொடிக்கு மருந்தா?" என்றான் பங்காளி வேல்பாண்டி தூரத்திலிருந்து. யாரோ சிரித்து, பிறகு இருமினார்கள்.

மரப்பெட்டியின் திருகாணிகள் கழன்றன. உள்ளே துத்தநாகத் தகடு, விளிம்பெல்லாம் ஈயம் உருக்கி அடைத்திருந்தது. காற்று புகாமலிருக்கத்தான் அந்த அடைப்பு. விமானத்தில் வரும் எந்த உடலுக்கும் அப்படித்தான் செய்வார்கள். தகரம் வெட்டும் கத்தரியால் ஈஸ்வரபாண்டி ஒரு பக்கத்தைக் கிழித்தான். குப்பென்று ஒரு நெடி வந்தது.

"ஏலே, கண்ணு எரியுதுடா! வந்துருச்சுடா!"

ஈஸ்வரபாண்டியைத் தவிர பந்தலுக்கடியில் ஒருவரும் நிற்கவில்லை. அது ஃபார்மலின். பள்ளிக்கூடத்து ஆய்வகத்தில் தவளையைப் போட்டு வைத்திருக்கும் ஜாடியைத் திறந்தாலும் அதே நெடிதான் கண்ணைக் கரிக்கும். உடல் கெடாமலிருக்க அதைத்தான் ஏற்றியிருந்தார்கள். "அது கெமிக்கல்தான்!" என்று ஓவியா கத்தினாள். அவளும் கல்தூணுக்குப் பின்னாலிருந்துதான் கத்தினாள்.

ஈஸ்வரபாண்டி கயிற்றைச் சுண்டி எந்திரத்தைக் கிளப்பினான். எட்ட நின்றபடியே குழாயை அண்ணனின் மேல் திருப்பினான்.

"நிறுத்துடா!" நாகஜோதியின் குரல் எந்திரச் சத்தத்துக்கு மேலே கேட்டது. "அந்த ட்ரம்முல கடைசியா என்ன கலக்குன?"

"கழுவிட்டேன் மதினி."

"என்ன கலக்குன?"

அவன் எந்திரத்தை அணைத்தான்.

அவள் மீதமிருந்த குடத்தைத் தூக்கிக்கொண்டு பெட்டியருகே போனாள். யாரும் தடுக்கவில்லை. யாரும் கூட வரவும் இல்லை. சுற்றியிருந்த துணியை விலக்கிப் பார்த்தாள். முகம் அவனுடையதுதான், கொஞ்சம் உப்பியிருந்தது. அவள் குடத்தைச் சாய்க்காமல் அப்படியே நின்றாள். அந்தத் தயக்கம் எத்தனை நேரம் நீடித்தது என்று பின்னால் அவளுக்கே தெரியவில்லை. பிறகு தண்ணீரை ஊற்றி உள்ளங்கையால் நெற்றியைத் தேய்த்தாள். கோல்டு ஸ்டோரேஜிலிருந்து எடுத்த பழம் போல் சில்லிட்டிருந்தது.

தேய்க்கிற சாக்கில் தேடினாள். நகக்கண்ணைப் பார்த்தாள். புறங்கையைத் திருப்பிப் பார்த்தாள். வெல்டிங் பொறி பட்ட பழைய தழும்புகள்தான். கதிர் பட்டால் முடி கொட்டும் என்று தொலைக்காட்சியில் சொன்னது நினைவுக்கு வந்தது. யாருக்கும் தெரியாமல் காதோரம் கொஞ்சம் முடியைப் பிடித்து மெல்ல இழுத்தாள். வரவில்லை. இன்னும் கொஞ்சம் பலமாக இழுத்தாள். வரவில்லை. அதிலிருந்து என்ன முடிவுக்கு வருவது என்று அவளுக்குத் தெரியவில்லை.

கழுவிய தண்ணீர் வாய்க்காலை நோக்கி ஓடியது. ஒச்சாண்டி மண்வெட்டியால் குறுக்கே மண்ணை இழுத்துப் போட்டார்.

ஆண்கள் பெட்டியோடு போன பிறகு நாகஜோதி வீட்டுக்கு வந்து தலைக்கு ஊற்றிக்கொண்டாள். சோப்புப் போட்டு, மறுபடியும் போட்டுக் குளித்தாள். கூடத்தில் பெண்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். அவள் சுவரோரம் உட்கார்ந்ததும் அவளைச் சுற்றி ஒரு பாய் விரிக்கிற அளவுக்கு இடம் விழுந்தது. நாத்தனார் அக்கம்மாள் தூரத்திலிருந்தே அழுதாள்.

"தண்ணி குடு தாயி" என்றாள் நாகஜோதி.

ஓவியா செம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள். அழுதழுது முகம் வீங்கியிருந்தது. "குடிம்மா" என்று நீட்டினாள். செம்பின் விளிம்பை இரண்டே விரலால் பிடித்திருந்தாள்.

நாகஜோதி அந்த விரல்களைப் பார்த்தாள். பிறகு அவற்றில் தன் கை பட்டுவிடாதபடி, செம்பை அடியில் பிடித்து வாங்கிக்கொண்டாள்.