சு. காளீஸ்வரி, க/பெ சுடலைக்குமார்

“இதுல யாரும்மா நீ?” என்று கேட்டார் சான்றிதழ் சரிபார்க்கிற மேடம். என்னுடைய இரண்டு காகிதங்களை மேசையில் பக்கத்துப் பக்கத்தில் வைத்திருந்தார். பன்னிரண்டாம் வகுப்பு மார்க் ஷீட்டில் பி. காளீஸ்வரி. ஆதாரில் சு. காளீஸ்வரி.

“ரெண்டும் நாந்தான் மேடம். பி எங்க அப்பா, பிச்சையா. சு வந்து…”

“வீட்டுக்காரரா?”

“இருந்தாரு. இப்ப இல்ல.”

“இறந்துட்டாரா?”

குத்துக்கல்லாட்டம் இருக்கான் என்று வாய்வரைக்கும் வந்தது. வேலை கேட்டு வந்த இடமாயிற்றே, விழுங்கிக்கொண்டேன். “தீர்த்தாச்சு மேடம்.”

“அப்ப கோர்ட் தீர்ப்பு கொண்டா, பி-ன்னே வச்சுக்கலாம். இல்லைன்னா ரெண்டும் ஒரே ஆளுதான்னு அவரு கையெழுத்துப் போட்டுக் கடிதம் குடுக்கணும். பதினஞ்சு நாள் டைம். அதுக்குள்ள வரலைன்னா பட்டியல்ல அடுத்த ஆளைக் கூப்பிட்டுருவோம்.”

ரேஷன் கடை விற்பனையாளர் வேலை. நேர்முகத்தில் தேறி, பட்டியலில் பெயரும் வந்தாயிற்று. ஆறு வருடமாகப் புதியம்புத்தூரில் ஒரு தையல் கம்பெனியில் நைட்டிக்குக் கை வைத்துக்கொண்டிருந்தவள் நான். உடம்பும் கழுத்தும் இன்னொருத்தி தைப்பாள், எனக்குக் கை மட்டும்தான். காலையில் கம்பெனி வேன் எட்டயபுரத்துக்கு வந்து எங்களை அள்ளிக்கொண்டு போகும், பொழுது அடைந்த பிறகு கொண்டுவந்து கொட்டும். இருப்பது அப்பா வீட்டில். சேலை காயப்போட அங்கே பாதிக் கொடிதான் என்னுடையது. இந்த வேலை கிடைத்தால் எங்கேயாவது ஒரு ரூம் எடுத்து என் பாட்டுக்கு இருக்கலாம் என்று நினைத்திருந்தேன். ஒரு எழுத்து வந்து குறுக்கே நிற்கும் என்று யார் கண்டது.

கோர்ட் தீர்ப்புக்கு நான் எங்கே போவேன்? எங்கள் பக்கத்தில் புருஷன் பெண்டாட்டி பிரிவதற்கு யாரும் கோர்ட் வாசலை மிதிப்பதில்லை. இரண்டு ஊர் பெரிய ஆட்களும் கோயில் முன்னால் உட்கார்ந்து பேசுவார்கள். பத்திரத்தாளில் ‘இன்றுமுதல் இவருக்கும் இவருக்கும் யாதொரு சம்பந்தமும் இல்லை’ என்று எழுதுவார்கள். தாலியைக் கழற்றித் தாம்பாளத்தில் வைத்துவிட்டால் தீர்ந்தது. அதன்பிறகு யார் யாரைக் கட்டிக்கொண்டாலும் ஊர் கேட்காது. கோர்ட்டுக்குப் போனால் மானம் போய்விடும் என்று சொல்லி, என் பத்திரத்தில் முதல் கையெழுத்துப் போட்டவரே எங்கள் அப்பாதான். ஏன் தீர்த்தது என்று கேட்டால், நாலு வருடம் எனக்குப் பிள்ளை இல்லை. அவனுக்கு அடிக்கக் கை நீளும், அவன் அம்மாவுக்குத் திட்ட நாக்கு நீளும். அவ்வளவுதான்.

சு வந்த கதையையும் சொல்லிவிடுகிறேன். கல்யாணம் முடிந்த மறுமாதம் என்னை விளாத்திகுளத்துக்குக் கூட்டிக்கொண்டு போனான். புதுச்சேலை கட்டி, பூ வைத்து, சினிமாவுக்குப் போகிற மாதிரிதான் போனேன், ஆதாரில் சு போட. வெளியே வந்து ரோஸ்மில்க் வாங்கித் தந்தான். பி போனதை நான் கவனிக்கவே இல்லை. பொய் சொல்லுவானேன், அன்றைக்கு எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

எட்டயபுரம் பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் ஆஷிகா என்று ஒரு பெண் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருக்கிறாள். விண்ணப்பம் எழுதுகிற வேலையெல்லாம் அவளிடம்தான். தீர்த்துவிட்ட பத்திரத்தை அவளிடம் நீட்டினேன். இரண்டு பக்கமும் புரட்டிப் பார்த்தாள்.

“அக்கா, இது ஆன்லைன்ல செல்லாது.”

“பதினோரு பேரு கையெழுத்து இருக்குட்டி.”

“நூறு பேரு போட்டிருந்தாலும் கோர்ட் சீல் இல்லையே. இப்பப் போயி கேஸ் போட்டா எப்ப முடியுமோ. பேசாம அவிய கையெழுத்தை வாங்கிருங்க.”

வீட்டில் அப்பாவிடம் சொன்னேன். டிவியிலிருந்து கண்ணை எடுக்காமலே, “அந்த சு இருந்துட்டுப் போகட்டுமே. தனியாப் போயி வார பொம்பளைக்கு அது ஒரு காவல்தான” என்றார்.

“காவலுக்கு அவன் என்ன வேலிமுள்ளா? சம்பந்தம் இல்லைன்னு நீங்கதான முத ஆளாக் கையெழுத்துப் போட்டீங்க?”

அப்பா டிவி சத்தத்தைக் கூட்டினார்.

மூன்றாம் நாள் கோவில்பட்டிக்குப் பஸ் ஏறினேன். சுடலைக்குமாருக்கு அரசாங்க வேலை. எங்களுக்குக் கல்யாணம் ஆன இரண்டாம் வருடம் கிடைத்தது. என்னைத் தீர்த்த பிறகு கற்பகம் என்று ஒருத்தியைக் கட்டிக்கொண்டு, ஊரை விட்டு இங்கே வாடகைக்கு வந்துவிட்டான் என்று தெரியும். விலாசம் விசாரித்துப் போனேன். அவன் இல்லை. இடுப்பில் பிள்ளையோடு அவள்தான் கதவைத் திறந்தாள். என்னை எந்தப் போட்டோவில் பார்த்திருந்தாளோ, முகம் வெளுத்துவிட்டது. “வாங்கக்கா” என்றாள்.

செருப்பைக் கழற்றிக்கொண்டிருக்கும்போது எதிர்வீட்டிலிருந்து ஒரு குரல் வந்தது. “காளீஸ்வரி, யாரு வந்திருக்கா?”

நான் திரும்பினேன். அந்தப் பெரியம்மா என்னைப் பார்க்கவில்லை.

“எங்க அக்கா, பெரியம்மா” என்றாள் கற்பகம்.

உள்ளே போய் உட்காரக்கூட இல்லை. “உன்னை எதுக்குட்டி அவிய எம் பேரைச் சொல்லிக் கூப்பிடுதாவ?” என்று கேட்டேன்.

பிள்ளையை இறக்கிவிட்டுச் சுவரோரம் நின்றுகொண்டே சொன்னாள். “அவிய ஆபீஸ்ல பெஞ்சாதின்னு உங்க பேருதான்க்கா எழுதியிருக்கு. மாத்தணும்னா கோர்ட் தீர்ப்பு கேப்பாவ. தீர்ப்பு இல்லாம ரெண்டாங் கல்யாணம்னு தெரிஞ்சா வேலை போயிரும். இவளைப் பெறுததுக்கு ஆபரேஷன்னு சொல்லிட்டாவ. இன்சூரன்ஸ் கார்டுலயும் உங்க பேரு. நீங்க விட்டுட்டுப் போன ஆதார் ஜெராக்ஸ் வீட்ல கெடந்துச்சு. ஆஸ்பத்திரில யாரு கேட்டாலும் காளீஸ்வரின்னு சொல்லுன்னாவ. சொன்னேன். மயக்க ஊசி போடும்போது நர்ஸம்மா பேரு கேட்டாவ பாருங்க, அப்ப பயத்துல கற்பகம்னு வந்துட்டு. பெறகு, வலியில உளறுதான்னு சொல்லி அவிய சமாளிச்சாவ. இங்கன குடிவந்ததும் தெருவுலயும் அப்படியே சொல்லிட்டாவ. எங்கம்மா போன்ல கூப்பிட்டாத்தான் எனக்கே எம் பேரு ஞாபகம் வருது.”

பீரோவிலிருந்து பிறப்புச் சான்றிதழை எடுத்துக் காட்டினாள். தாயின் பெயர்: சு. காளீஸ்வரி.

நாலு வருடம் மலடி மலடி என்று என்னைத் தின்றவன், காகிதத்தில் எனக்கு ஒரு பிள்ளையைப் பெற வைத்திருந்தான். எனக்குச் சிரிப்பு வந்தது. அந்தச் சான்றிதழைச் சுக்குநூறாகக் கிழிக்கவேண்டும் போலவும் வந்தது. கையில் வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் நின்றேனோ, அவள்தான் பதறாமல் வாங்கி உள்ளே வைத்தாள்.

மத்தியானம் சாப்பிட வந்தான். என்னைப் பார்த்ததும் வாசலை எட்டிப் பார்த்துக் கதவைச் சாத்தினான். விஷயத்தைச் சொல்லி, ரெண்டு பேரும் நான்தான், ஆனால் தீர்ந்துவிட்டது என்று எழுதித் தரக் கேட்டேன்.

“தீர்ந்துட்டுன்னு நான் எழுதித் தந்தா, இது யாருன்னு கேப்பான்” என்று கற்பகத்தைக் காட்டினான்.

“கேக்கட்டும். நான் ஒரு பெட்டிஷன் தட்டிவிட்டா உன் வேலை என்னாகும்னு தெரியும்லா?” அன்றைக்குத்தான் முதன்முதலாக அவனை நீ என்று பேசினேன். நன்றாகத்தான் இருந்தது.

“தெரியும். தட்டு. பி-யோ கி-யோ போட்டுக்கோ. அப்படியே அந்தச் சர்டிபிகேட்ல இருக்க தாய் யாருன்னும் நீயே ஆபீஸ்ல சொல்லிரு.”

செருப்பு வெளியே கிடந்தது. அவனுக்கு நல்ல நேரம்.

அவன் தட்டில் சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னான்: “பி-யும் சு-வும் ஒரே ஆளு, எம் பெஞ்சாதிதான்னு வேணும்னா எழுதித் தாரேன். அதுக்கு எப்ப வேணாலும் கையெழுத்துப் போடுதேன்.”

அவனுக்கென்ன, அதுதான் அவன் ஆபீஸில் இருக்கிற கணக்குக்கும் தோது. நான் அவன் பெண்டாட்டியாக இருக்கிறவரைக்கும் அவன் வேலை நிற்கும்.

கற்பகம் காலைப் பிடித்து அழுதிருந்தால்கூட நான் நாலு திட்டு திட்டிவிட்டு வந்திருப்பேன். அவள் குழம்பு ஊற்றிக்கொண்டிருந்தாள். பிள்ளை வந்து என் கைப்பையின் ஜிப்பை இழுத்தது. பேச்சை மாற்றத்தான் கேட்டேன், “உம் பேரு என்னட்டி?”

“சு. ப்ரியதர்ஷினி.” எல்கேஜியில் சேர்க்கப் பாடம் பண்ணி வைத்திருக்கிறார்கள், இனிஷியலோடு வந்தது.

“அம்மா பேரு?”

பிள்ளை கற்பகத்தின் முகத்தைப் பார்த்தது. சரியாகச் சொல்ல வேண்டுமே என்கிற பயம் அதன் கண்ணில் தெரிந்தது. “காளீஸ்வரி” என்றது.

ஒரு வாய்த் தண்ணீர்கூடக் குடிக்காமல் எழுந்து வந்துவிட்டேன்.

மழை பெய்த கரிசலில் நடந்து பார்த்தவர்களுக்குத் தெரியும், காலை எடுக்க எடுக்க மண் கூடவே ஏறும், உதற உதற அப்பும். பத்து நாள் அப்படித்தான் இருந்தேன். பெட்டிஷன் போட்டால் அவனுக்கு வேலை போகும், எனக்கு அதில் ஒரு வருத்தமும் கிடையாது. ஆனால் அதோடு சேர்ந்து தெருவில் நிற்கப் போவது அவளும் பிள்ளையும். எனக்கும் பதினைந்து நாளில் பி வந்துவிடாது, வேலை அடுத்த ஆளுக்குப் போய்விடும். நான் ஏதோ அவளுக்காக இரக்கப்பட்டேன் என்று யாரும் நினைக்கவேண்டாம். பாதி இரக்கம்தான். பாதி, அந்த வேனில் இன்னொரு ஆறு வருடமா என்கிற பயம்.

பதிமூன்றாம் நாள் ஆஷிகாவின் சென்டருக்கு அவனை வரச் சொன்னேன். ‘பி. காளீஸ்வரி என்பவரும் சு. காளீஸ்வரி என்பவரும் ஒருவரே, அவர் என் மனைவி’ என்று அடித்து, அவனுடைய கோவில்பட்டி விலாசத்தைப் போட்டாள். அடித்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

“அக்கா, நல்லா யோசிச்சிட்டீங்களா?”

“பிரிண்ட் எடு.”

கணவர் என்று போட்டிருந்த இடத்தில் அவன் ஒரே இழுப்பில் கையெழுத்துப் போட்டான். தீர்த்த பத்திரத்தில் போடும்போது இதைவிட நேரம் எடுத்தான் என்று ஞாபகம். அதற்குக் கீழே நான் போட்டேன். “ரோஸ்மில்க் சாப்பிடுதியா?” என்று கேட்டான். நான் காகிதத்தை மடித்துப் பைக்குள் வைத்தேன்.

மேடத்துக்கு ரொம்பச் சந்தோஷம். “பாத்தியா, புருஷன் பொண்டாட்டின்னா கோவம் இருக்கத்தான் செய்யும். அவரு விலாசம் கோவில்பட்டிதான, அந்தப் பக்கத்துக் கடையிலயே போட்டிருக்கோம். வீட்டையும் பாத்துக்கலாம், வேலையையும் பாத்துக்கலாம்” என்று சிரித்தார். அப்படியாக, அவன் தெருவிலிருந்து நாலு தெரு தள்ளி இருக்கிற ரேஷன் கடைக்கு நான் விற்பனையாளர் ஆனேன்.

ரூம் எடுத்தேன். கொடி முழுக்க என் சேலைதான். வீட்டுக்காரம்மா ஆதாரை வாங்கிப் பார்த்துவிட்டு, “வீட்டுக்காரர் எப்ப வருவாரு?” என்று வாரம் ஒருதரம் கேட்கிறாள். வேலை வெளியூரில் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

முதல் மாதம் அரிசி போட்ட இரண்டாம் நாள் வரிசையில் கற்பகம் நின்றாள். பின்னால் அவள் எதிர்வீட்டுப் பெரியம்மா. இதுவரை அவன்தான் லீவு போட்டு வந்து வாங்கிப் போவானாம், இந்த மாதம் அவனுக்கு லீவு கிடைக்கவில்லை. கார்டை வாங்கி மெஷினில் காட்டினேன். சுடலைக்குமார், காளீஸ்வரி, ப்ரியதர்ஷினி என்று மூன்று பெயர் வந்தது. கார்டில் இருக்கிற யாராவது ஒருவர் விரல் வைத்தால்தான் சாமான் போட முடியும்.

கற்பகம் விரலை வைத்தாள். சிவப்பு. சேலையில் துடைத்துவிட்டு மறுபடியும் வைத்தாள். சிவப்பு.

“வெரல் விழலையா? எண்ணெய்க் கையா இருக்கும். சீக்கிரம் பாருங்கம்மா, வெயில் ஏறுது” என்றது வரிசை.

விழாது. அவள் எத்தனை தரம் துடைத்தாலும் விழாது. அந்தக் கார்டில் இருக்கிற காளீஸ்வரியின் ரேகை இருப்பது என் கையில். கற்பகம் தலையைத் தூக்கவில்லை, காலிப் பையை மடித்து மடித்துப் பிடித்துக்கொண்டிருந்தாள். மெஷினை என் பக்கமாகத் திருப்பி, யாரும் பார்க்காதபடி என் விரலை வைத்தேன். உடனே பச்சை எரிந்தது. எனக்கு அழுகை வந்தது. அழாமல் அரிசியை அளந்தேன். சுடலைக்குமார் வீட்டுக்கு இனி மாதாமாதம் நான்தான் அரிசி அளக்கவேண்டும், என் விரலை வைத்து.

பையைத் தூக்கிக்கொண்டு, “வாரேன்க்கா” என்றாள்.

“பாத்துப் போ, கற்பகம்” என்றேன். வேண்டுமென்றேதான் சொன்னேன். ஒரு ஆளாவது அவளை அப்படிக் கூப்பிடட்டும் என்றிருந்தது.

அவள் அப்படியே நின்றாள்.

“கற்பகமா? அது யாரு?” என்று பின்னாலிருந்து பெரியம்மா கேட்டாள்.

“தெரியலையே பெரியம்மா. அக்கா வேற யாரையோ நெனச்சிக்கிட்டுச் சொல்லுதாவ” என்று சொல்லிவிட்டு, என்னைத் திரும்பிப் பாராமல் படியிறங்கிப் போனாள்.

அடுத்த கார்டுக்குக் கையை நீட்டினேன்.