கருத்துக் கேட்கும் வேன்

கொடிக்கால்விளைக்குப் பஸ் கிடையாது. பஸ் ஏற வேண்டுமென்றால் வயல் வரப்போடு ஆத்தூர் வரைக்கும் நடக்க வேண்டும். தலையில் வெற்றிலைக் கட்டும் இருந்தால் கழுத்து ஒரு பக்கமாகத் திரும்பிக்கொள்ளும். ஊருக்குப் பஸ் விடுவதாகச் சொல்லாத வேட்பாளர் இல்லை. சொன்னதோடு சரி.

அப்போதுதான் மாநிலம் முழுவதும் கிராமப் போக்குவரத்தை மேம்படுத்த ஒரு திட்டம் வந்தது. பஸ் விடுவதற்கு முன்னால் மக்களிடம் கருத்துக் கேட்க வேண்டுமாம். அந்த வேலையைச் சென்னையில் ஓர் ஆலோசனை நிறுவனம் எடுத்திருந்தது. அதன் அதிகாரி பிரத்யும்னன், கழுத்தில் அடையாள அட்டை தொங்கும் இளைஞர். கூட்டத்தைத் தூத்துக்குடித் துறைமுகச் சாலையில், ஏசி போட்ட ஒரு ஹோட்டலில் வைத்தார். பஸ் இல்லாத ஊர்க்காரர்கள் அங்கே எப்படி வந்து சேருவார்கள் என்று கடைசி நேரத்தில் யாரோ கேட்டதால், ஊருக்கே ஒரு வேனை அனுப்பினார்.

வெற்றிலைத் தோட்டம் வைத்திருந்த அருணாசலவடிவு முதல் ஆளாக ஏறினாள். அவளுடைய கொழுந்தன் பேச்சிமுத்து ஏறினான். கல்லூரிக்குப் போகும் ஜெயபிரியாவும், கீழத்தெரு, மேலத்தெருப் பெண்களும் ஏறினார்கள். போகிற வழியில் வடிவு டிரைவரைத் தாஜா செய்து, பெரியாஸ்பத்திரி வாசலில் இறங்கிச் சுகர் மாத்திரை வாங்கிக்கொண்டாள். முழங்கால் வலிக்காமல் அவள் ஆஸ்பத்திரிக்குப் போனது அதுதான் முதல் தடவை.

ஹோட்டலில் ஆளுக்கொரு கலர் சீட்டைக் கொடுத்து, உங்கள் கனவுப் பேருந்து எப்படி இருக்க வேண்டும் என்று எழுதச் சொன்னார்கள். ‘வர வேண்டும்’ என்று எழுதிச் சுவரில் ஒட்டினாள் வடிவு.

பிரத்யும்னன் அதைப் படித்துவிட்டு, “இன்னும் கொஞ்சம் விரிவா எழுதலாமே” என்றார்.

மதியம் பிரியாணி. கிளம்பும்போது வடிவு கேட்டாள்: “இனி எப்ப சார் கூட்டம்?”

“எல்லாரும் ஒரே வழித்தடத்தைச் சொல்லிட்டா வேலை முடிஞ்சுதும்மா. கருத்து வேறுபாடு இருந்தாத்தான் அடுத்த மாசம் மறுபடி கூடணும்.”

வேனில் ஏறியதும் வடிவு கதவை இழுத்துச் சாத்தினாள். “ஏளா, எல்லாவளும் கேட்டியளா? ஒத்துமையா இருந்தோம்னா நாசமாப் போவோம். அடுத்த கூட்டத்துல ஆளுக்கொரு வழி சொல்லணும்.”

அடுத்த மாதம் கீழத்தெரு ஆத்தூர் வழியாகப் பஸ் வேண்டும் என்றது. மேலத்தெரு சாத்தான்குளம் வழியாகத்தான் வேண்டும் என்றது. ஊரிலிருந்து தூத்துக்குடிக்குச் சாத்தான்குளம் வழியாகப் போவது தலையைச் சுற்றி மூக்கைத் தொடுகிற காரியம். பிரத்யும்னனுக்குச் சென்னைக்குத் தெற்கே எல்லாம் ஒரே திசைதான், சிரத்தையாகக் குறித்துக்கொண்டார். அதற்கடுத்த மாதம் ஜெயபிரியா எழுந்து, ஆலந்தலையில் தன் தோழிகள் இருப்பதாகவும், பஸ் அந்த வழியாக வராவிட்டால் தன் படிப்பே பாழ் என்றும் கண் கலங்கினாள். ஆலந்தலையை அவள் பார்த்ததுகூட இல்லை.

வேன் மாதாமாதம் வந்தது. போகும்போது சீட்டுக்கடியில் வெற்றிலைக் கட்டுகள். திரும்பும்போது மிக்ஸி, கல்யாணச் சேலை, ஒரு தடவை ஆட்டுக்குட்டி. தெருச்சண்டை வளர வளர பிரத்யும்னனின் மதிப்பும் வளர்ந்தது. மக்கள் பங்கேற்பில் சிறந்த ஊரைக் கண்டெடுத்ததற்காகச் சென்னையில் அவருக்குக் கேடயம் கொடுத்தார்கள்.

எல்லாம் பேச்சிமுத்துவால் கெட்டது. ஒரு கூட்டத்தன்று வேனில் அவனுடைய இடத்தில் வெற்றிலைக் கட்டு உட்கார்ந்திருந்தது.

“மதினி, கட்டைக் கீழ இறக்குங்க. நான் எங்கன இருக்க?”

“வெத்தலை வாடிரும். நீங்க வாட மாட்டிய. பின்னால வாங்க.”

அவன் யாருடைய பைக்கிலோ தொற்றிக்கொண்டு, வெயிலில் கருத்துப்போய் ஹோட்டலுக்கு வந்து சேர்ந்தான். கூட்டம் தொடங்கியதுமே எழுந்தான்.

“சார், எங்களுக்குள்ள சண்டையே கிடையாது. எல்லாருக்கும் ஆத்தூர் வழிதான். இவ்வளவு நாளும் சும்மா சொல்லுதாங்க.”

வடிவு அவன் சட்டையைப் பிடித்து இழுத்துப் பார்த்தாள். அதற்குள் பிரத்யும்னன் கைதட்ட ஆரம்பித்துவிட்டார். ஒருமித்த கருத்து என்பதை அவர் அதுவரை புத்தகத்தில்தான் படித்திருந்தார்.

பஸ் வந்தது. மாலை போட்டார்கள், தேங்காய் உடைத்தார்கள், முதல் நாள் ஊரே ஏறியது. மறுநாள்தான் விஷயம் புரிந்தது. ஆஸ்பத்திரியில் சீட்டுக் கொடுத்து முடித்த பிறகு பஸ் தூத்துக்குடிக்குப் போய்ச் சேரும். கல்லூரியில் அதற்குள் பாதிப் பாடம் நடந்திருக்கும். வெற்றிலைக் கட்டை ஏற்ற முடியாது என்று கண்டக்டர் சொல்லிவிட்டார். ஆள் ஏறாததால் பஸ் ஒரு நாள் வந்து மறுநாள் வராமல் இருந்தது. பிறகு, மக்கள் ஆதரவு இல்லை என்று நிறுத்தியே விட்டார்கள். அதே வாரத்தில் திட்டத்தின் வெற்றிக் கதையாகக் கொடிக்கால்விளை அந்த நிறுவனத்தின் புத்தகத்தில் அச்சாகி வந்தது. அட்டைப் படத்தில் வடிவு வாய் நிறையச் சிரித்துக்கொண்டிருந்தாள். அது பிரியாணி நேரத்தில் எடுத்த படம்.

வடிவு பிரத்யும்னனுக்குப் போன் செய்தாள்.

“சார், பஸ் நின்னு போச்சு. ஒரு கூட்டம் போடுங்க.”

“அந்தத் திட்டம் முடிஞ்சுதும்மா. நான் இப்ப குடிநீர்த் திட்டத்துல இருக்கேன். அதுக்கும் கிராமத்துக் கருத்துதான் கேக்குறோம். உங்க ஊர்ல தண்ணிப் பிரச்சினை உண்டா?”

வடிவு வாய்க்கால் படியில் நின்றிருந்தாள். தாமிரபரணித் தண்ணீர் அவள் கணுக்காலைத் தொட்டுக்கொண்டு ஓடியது.

“அதை ஏன் சார் கேக்கிய? நாக்கை நனைக்க ஒரு சொட்டு நல்ல தண்ணி கிடையாது” என்றாள். “வேன் எப்ப சார் வரும்?”

அன்று சாயங்காலமே, குழாயில் வரும் தண்ணீர் உப்பு என்று கீழத்தெருவும், கலங்கல் என்று மேலத்தெருவும் இரண்டு கட்சியாகப் பிரிந்துகொண்டன. பேச்சிமுத்துவை எந்தக் கட்சியிலும் சேர்க்கவில்லை.