நடக்காத சண்டை

"சண்டை போட்டேன்னு சொல்லுங்கம்மா, அது போதும்" என்றார் பஸ் டிப்போ சூப்பர்வைசர்.

அவள் நிமிரவில்லை. மாமியார் கட்டிலில் இருந்தாள். கொழுந்தன் ஜன்னலோரம் நின்றான், அவனுடைய புது மனைவி சமையலறை வாசலில். எல்லோருடைய கண்ணும் அவள் வாய்மேல்தான் இருந்தது.

"யார்கூடச் சண்டை?"

"உங்க வீட்டுக்காரர்கூடத்தான். அன்னிக்குக் காலையில ரெண்டு பேருக்கும் வாய்த்தகராறு. மனசு சரியில்லாம வண்டி எடுத்தார், இறக்கத்துல கவனம் தப்பிடுச்சு. விசாரணையில இவ்வளவுதான் சொல்லணும்."

"பிரேக் பிடிக்கலைன்னுதானே எல்லாரும் சொல்றாங்க?"

"பிரேக்னு வாயைத் திறந்தா தலைமை அலுவலகம் வரைக்கும் இழுக்கும்மா. யாரும் கையெழுத்துப் போட மாட்டாங்க, அவருக்குப் பதிலா உங்க கொழுந்தனுக்கு வர்ற வாரிசு வேலை அப்படியே தொங்கிடும். டிரைவர் தப்புன்னு எழுதினாலும் வேலை கிடையாது. இப்படிச் சொன்னா வண்டி மேலயும் தப்பில்ல, அவர் மேலயும் தப்பில்ல."

அப்படியானால் யார் மேல் என்று அந்த அறையில் ஒருவரும் கேட்கவில்லை.

அந்த டிப்போவில் பிரேக் சரியில்லை என்று சொல்கிற டிரைவருக்கு அன்றைக்கு வண்டி கிடையாது, சம்பளமும் கிடையாது. அதனால் எல்லோரும் மிதித்து மிதித்துப் பழகிவிட்டார்கள். முதல் மிதியில் நிற்காத வண்டி மூன்றாவது மிதியில் நிற்கும். அதை ஏதோ கெட்டிக்காரத்தனம்போலப் புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்லியும் கொடுத்தார்கள். உதிரி பாகம் கேட்டால் பெயிண்ட் வந்தது. நாடு முழுக்க அரசுப் பேருந்துகளுக்குப் புது நிறம் அடித்து, பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டு, நம் போக்குவரத்து தலைநிமிர்ந்துவிட்டது என்று அமைச்சர் பேசினார். அந்தப் பளபளப்போடுதான் வண்டி இறக்கத்தில் இறங்கியது. அவள் கணவன் தன் பக்கத்தை மண்மேட்டில் மோதி நிறுத்தினான். பயணிகள் அத்தனை பேரும் பிழைத்துக்கொண்டார்கள், அவனைத் தவிர.

சண்டையாம். அன்று காலை அவன் மகளுக்குத் தலை பின்னுகிறேன் பேர்வழி என்று சடையைக் கோணலாகப் பின்னிவிட்டு, அதுதான் இப்போது ஃபேஷன் என்றான். இவள் வயிறு வலிக்கச் சிரித்தாள். அவனைப் பற்றி இவளிடம் மிஞ்சியிருந்தது அந்தக் காலை ஒன்றுதான். அதையும் பிடுங்கிக்கொள்ள வந்திருந்தார்கள்.

"அந்த வேலையை எனக்கே கேட்கலாமே? பத்தாவது பாஸ் பண்ணியிருக்கேன்" என்றாள்.

"புருஷனைப் பறிகொடுத்தவ ஆம்பளைங்க நடுவுல போய் நிக்கிறதா? ஊர் சிரிக்கும்" என்றாள் மாமியார். "அவன் வேலைக்குப் போனா உனக்கும் உன் பொண்ணுக்கும் சோறு போடாம விட்டுடுவானா?"



விசாரணையில் அவர்கள் சொன்னபடியே சொன்னாள். என்ன சண்டை என்று ஓர் அதிகாரி கேட்டார். அதை யாரும் சொல்லித் தந்திருக்கவில்லை. "சும்மா, வீட்டு விஷயம்" என்றாள். அவர் உச்சுக்கொட்டிக்கொண்டு, "பொம்பளைங்க காலங்காத்தால கொஞ்சம் வாயை அடக்கினா எத்தனை உசிர் மிஞ்சும்" என்றார்.

கொழுந்தனுக்கு வேலை வந்தது. தெருவுக்குச் செய்தியும் வந்தது. குழாயடியில் அவளைக் கண்டால் பேச்சு நின்றது. அதைக்கூடத் தாங்கிக்கொண்டாள். ஆனால் ஒருநாள் மாமியார் படுத்தபடியே சொன்னாள்: "அன்னிக்கு நீ வாயை மூடிட்டு இருந்திருந்தா எம்புள்ள இன்னிக்கு இருந்திருப்பான்."

அவள் கையில் இருந்த தட்டைக் கீழே வைத்தாள். "அத்தை, நீங்கள்லாம் சேர்ந்துதானே அப்படிச் சொல்லச் சொன்னீங்க?"

"நடக்காததையா சொன்ன?"

அந்தக் கிழவி நடிக்கவில்லை. நிஜமாகவே நம்பிவிட்டாள். பிறகு சில நாட்களில் இவளுக்கே சந்தேகம் வந்தது. ஏதாவது ஒரு வார்த்தை கடுமையாகச் சொல்லியிருப்பேனோ என்று அந்தக் காலையைத் துருவித் துருவிப் பார்ப்பாள். சிரிப்பு வரவர மங்கிக்கொண்டே போனது.

பயிற்சி முடிந்து கொழுந்தன் முதன்முதலாக வண்டி எடுக்கப்போகிற நாள். புதுக் காக்கிச் சட்டையோடு சமையலறைக்குள் வந்து, குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டான்.

"அண்ணி, இறக்கத்துல அண்ணன் எத்தனை மிதி மிதிப்பார்? முன்னாடியே மிதிக்க ஆரம்பிச்சிடணுமா?"

அவள் அடுப்பை அணைத்துவிட்டுத் திரும்பினாள். "அப்படிப்பட்ட வண்டியை எடுக்காதீங்க தம்பி. சரியில்லைன்னு சொல்லிடுங்க."

"அதைச் சொன்னா வீட்டுக்கு அனுப்பிடுவாங்க, அண்ணி. உங்களுக்குத் தெரியாததா?"

அவன் செருப்பை மாட்ட வாசலுக்குப் போனான். உள்ளே அவன் மனைவி சாப்பாட்டுப் பையைக் கட்டிக்கொண்டிருந்தாள். இவள் போய் அந்தப் பெண்ணின் கையைப் பிடித்து வாசலுக்கு அழைத்து வந்தாள். எதிரே குழாயடியில் பெண்கள் நின்றிருந்தார்கள். கட்டிலிலிருந்து மாமியாரும் பார்த்தாள்.

"அவர் பக்கத்துல போய் நில்லும்மா" என்றாள் இவள். "சிரிச்சுப் பேசி அனுப்பு. இத்தனை பேரும் பார்க்கட்டும், நல்லா சத்தம் போட்டே சிரி."