அக்கா அனுப்பிய மாத்திரை

உடம்பெல்லாம் வலிக்கிறது என்று நான் வாயைத் திறந்தால் போதும், கேட்பவர் முகத்தில் ஓர் அலுப்பு வந்து உட்காரும். முதலாளிக்கு அது கொட்டாவியாக வரும். கூட வேலை செய்யும் நட்டுவுக்குக் கேலியாக வரும். போல்ட்டைக் கழற்றும்போதெல்லாம் நட்டை வாயில் கவ்விக்கொள்வதால் அவனுக்கு அந்தப் பெயர்.

"உங்களுக்கு வலிக்காத இடம் எதுன்னு சொல்லுங்க. லிஸ்ட் சின்னதா இருக்கும்" என்பான்.

நானும் சிரிப்பேன். வேறென்ன செய்ய? அவனோடும் சண்டை போட்டால் பகலில் பேசுவதற்குக்கூட ஆள் கிடையாது. வேலை முடிந்து மூன்று மாடி ஏறிக் கதவைத் திறந்தால், காலையில் வைத்த டம்ளர் வைத்த இடத்திலேயே இருக்கும்.

எனக்குத் தராசு சரிபார்க்கும் வேலை. கடை கடையாக, கிடங்கு கிடங்காகப் போய் எடைக்கல்லை வைத்து, தராசு சரியாகக் காட்டுகிறதா என்று பார்த்து முத்திரை ஒட்ட வேண்டும். முன்பெல்லாம் இருபது கிலோ கல்லை ஒற்றைக் கையால் தூக்குவேன். இப்போது அதைப் பார்த்தாலே தோள் வலிக்கிறது.

எனக்குத் தைராய்டு குறைவாகச் சுரக்கிறது என்று ஒன்பது வருடத்துக்கு முன்பே கண்டுபிடித்தார்கள். காலையில் வெறும் வயிற்றில் ஒரு பொடி மாத்திரை. போட்டேன், நன்றாகத்தான் இருந்தேன். இரண்டு வருடத்துக்கு முன்னால் முடி கொத்துக் கொத்தாகக் கொட்ட ஆரம்பித்தது. அடுத்த மாதமே வலியும் வந்தது. கூடவே குளிர், மலச்சிக்கல், வீங்கிய முகம், பகல் தூக்கம். ரத்தம் எடுத்தார்கள். தைராய்டு நார்மல். மறுபடி எடுத்தார்கள், மறுபடியும் நார்மல். கடைசியில் ஒரு பெரிய டாக்டரிடம் அனுப்பினார்கள். அவர் கட்டைவிரலால் அங்கங்கே அழுத்தினார். நான் பாதி இடங்களில் கத்தினேன்.

"ஃபைப்ரோமையால்ஜியா" என்றார். "வலி நிஜம்தான். ஆனா எந்த டெஸ்ட்லயும் தெரியாது. நடங்க, நல்லாத் தூங்குங்க, கவலைப்படாதீங்க."

அந்த நோயை நான் குறைத்துப் பேசவில்லை. அங்கே காத்திருந்தபோது, அதே நோயோடு பத்து வருடமாக மல்லுக்கட்டும் ஒரு டீச்சரம்மாவைப் பார்த்தேன். பாவம், புத்தகப் பையின் வார் தோளில் பட்டால்கூட அவரால் தாங்க முடியவில்லை. ஆனால் என்னுடையது அதுதான் என்பதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. தைராய்டு முதலில் வந்தபோதும் இதே குளிர், இதே வீக்கம்தான். அன்று வந்த அதே ஆள் அதே சட்டையோடு வாசலில் நிற்கிறான். டாக்டர் அவனை வேறு பெயர் சொல்லி அறிமுகப்படுத்துகிறார். எனக்கு அப்படித்தான் இருந்தது. சொன்னால் யார் கேட்கிறார்கள்? ரிப்போர்ட்டை எடுத்து நீட்டுவார்கள்.

கேட்டவள் அக்கா ஒருத்திதான். ஒரு பகல் முழுக்கப் பஸ்ஸில் போக வேண்டிய ஊரில் அழகு நிலையம் வைத்திருக்கிறாள். ஞாயிறு பதினோரு மணிக்குப் போன் வரும். "உனக்கு எப்படிடி இருக்கு?" என்பாள். அரைமணி நேரம் நான் கொட்டித் தீர்ப்பேன். அவள் ஒருமுறைகூட "எல்லாம் மனசுதான்" என்று சொன்னதில்லை. முடி கொட்டுகிறது என்று சொன்ன வாரமே கூரியரில் முடி மாத்திரை அனுப்பினாள். அன்றிலிருந்து மாதா மாதம் ஒரு டப்பா. மூடியில் அவள் கையெழுத்தில் 'மறக்காதே' என்று இருக்கும். நானும் ஒருநாள் தவறாமல் போட்டேன். அந்த டப்பா ஒன்றுதான் என் பெயருக்கு வரும் தபால்.

போன மாதம் ஒரு தானியக் கிடங்கிலிருந்து புகார். நாங்கள் சரிபார்த்த தராசுதான், ஆனால் வாங்குகிறவர்கள் எடை குறைகிறது என்று சண்டைக்கு வருகிறார்களாம். போய்க் கல்லை வைத்தேன். சரியாகக் காட்டியது. இப்படிப்பட்ட இடத்தில் எங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. தராசோடு மல்லுக்கட்டக் கூடாது. தள்ளி உட்கார்ந்து, அவர்கள் தினமும் எப்படி எடை போடுகிறார்களோ அப்படியே போடச் சொல்லிப் பார்க்க வேண்டும். உட்கார்ந்தேன். எடை போடுகிற அம்மா சுவரோரம் இருந்த பலகையை எடுத்துத் தட்டின் மேல் போட்டு, அதன் மேல் மூட்டையை வைத்தார்.

"இது என்னங்க பலகை?"

"மூட்டை நழுவாம இருக்கத்தான். எப்பவும் போடறதுதானே. நீங்க வர்றீங்கன்னா எடுத்துத் துடைச்சு வெப்போம்."

பலகை முக்கால் கிலோ இருந்தது. அந்த அம்மா திருடவில்லை. அதை ஓர் எடையாகவே அவர் நினைத்ததில்லை.

திரும்பி வரும்போது பஸ்ஸில் எனக்குத் தூக்கம் வரவில்லை. நானும் தினமும் எதையோ போட்டுக்கொண்டு, அதைக் கணக்கில் சேர்க்காமல் இருக்கிறேனா? மறுநாள், நான் விழுங்குகிற அத்தனையையும் ஒரு துணிப்பையில் போட்டுக்கொண்டு, வேலைக்குப் போகும் வழியில் இருக்கும் சின்ன கிளினிக்குக்குப் போனேன். அங்கே இருந்தது ஒரு லேடி டாக்டர். பையை அப்படியே மேஜையில் கவிழ்த்தேன். தைராய்டு மாத்திரை, வலி மாத்திரை, தைலம். அவர் முடி மாத்திரை டப்பாவை எடுத்துத் திருப்பிப் படித்தார்.

"இது எவ்வளவு நாளா?"

"ரெண்டு வருஷமா. அது மருந்தில்லைங்க டாக்டர். அக்கா அனுப்பினது."

"டெஸ்ட் எடுக்கறப்ப இதச் சொன்னீங்களா?"

சொல்லவில்லை. வேறென்ன மருந்து சாப்பிடுகிறீர்கள் என்று ஒவ்வொரு முறையும் கேட்டார்கள். ஒவ்வொரு முறையும் ஒன்றுமில்லை என்றுதான் சொன்னேன். அக்கா கொடுப்பதை யார் மருந்துக் கணக்கில் சேர்ப்பார்கள்?

"இதுல பயோட்டின்னு ஒரு வைட்டமின் நிறைய இருக்கு. சில மெஷின்ல தைராய்டு டெஸ்ட்டைக் குழப்பிவிடும். குறைவா சுரந்தாலும் நார்மல்னு காட்டும். ஒரு வாரம் இத நிறுத்திட்டு வாங்க, எடுத்துப் பாக்கலாம்."

எடுத்தோம். தைராய்டு குறைந்தால் ஏறும் எண் அது; ஐந்துக்குள் இருக்க வேண்டியது முப்பத்தெட்டு இருந்தது.

"அந்தப் பெரிய டாக்டர் சொன்னது தப்புன்னு இப்பவே சொல்லிட முடியாது" என்றார். "ரெண்டும் சேர்ந்தும் இருக்கலாம். டோஸை ஏத்தறேன். முதல்ல இத சரி பண்ணுவோம். அப்புறம் மிச்சம் வலி எவ்வளவு இருக்குன்னு பாக்கலாம்."

கிளினிக் படியில் உட்கார்ந்து சிரித்தேன். நோய் முற்றியிருக்கிறது என்று கேட்டு இப்படிச் சந்தோஷப்பட்ட பைத்தியம் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். யாரிடமாவது சொல்ல வேண்டும் என்று போனை எடுத்தேன். அக்காவின் பெயரைப் பார்த்ததும் கை நின்றுவிட்டது. என்னை நம்பியது அவள் ஒருத்தி. என் டெஸ்ட்டைக் கெடுத்ததும் அவள் அனுப்பியதுதான். இதைச் சொன்னால் அவள் உடைந்துபோவாள். அதற்கப்புறம் ஞாயிறு பதினோரு மணிக்கு என்ன பேசுவாள்? கூப்பிடுவாளா என்பதே சந்தேகம். எனக்குப் பயமாக இருந்தது. சொல்வதில்லை என்று முடிவு செய்தேன். டப்பா வந்தால் வாங்கி அலமாரியில் அடுக்கிக்கொள்ளலாம், அது என்ன சோறா கேட்கப்போகிறது?

ஞாயிற்றுக்கிழமை போன் வந்தது.

"டப்பா தீந்திருக்குமேடி. நாளைக்கு அனுப்பிடறேன்."

"அனுப்புக்கா" என்றேன்.

"இந்தத் தடவை ரெண்டா வாங்கிட்டேன். எனக்கும் அதேதானே."

"உனக்கா? நீயும் போடறியா?"

"ஒன்றரை வருஷமா. சீப்பை வெச்சாலே முடி கையோட வருது. கத்தரிக்கோல் பிடிச்சா விரல் மடங்க மாட்டேங்குது. டெஸ்ட் எல்லாம் எடுத்தாச்சு, நார்மல்னுட்டாங்க. வயசாகுதில்ல, விடு. நீ சொல்லு, உனக்கு எப்படி இருக்கு?"

இரண்டு வருடத்தில் நூறு ஞாயிறு இருக்கும். நூறு தடவையும் அவள் கேட்டிருக்கிறாள். பதிலுக்கு நான் ஒருதடவைகூடக் கேட்டதில்லை. ஊரில் யாருமே என்னைக் கேட்பதில்லை என்று அவளிடம்தான் அழுதிருக்கிறேன்.

"அக்கா, அந்த மாத்திரைய இன்னிக்கே நிறுத்து" என்றேன். பலகை, டாக்டர், முப்பத்தெட்டு என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். ஒரு வாரம் நிறுத்திவிட்டு மறுபடி ரத்தம் எடுக்கச் சொன்னேன்.

"அப்போ ரெண்டு வருஷமா உன்னைக் கெடுத்தது நான்தானா?" என்றாள்.

"அது கிடக்கட்டும்கா. உனக்கு எங்கெல்லாம் வலிக்குது, சொல்லு."

"எனக்கென்னடி, ஒண்ணுமில்ல."

"சொல்லுக்கா."

நான் போனை வைக்கவில்லை. அவளும் வைக்கவில்லை. பிறகு அவள் தோள்வலியிலிருந்து ஆரம்பித்தாள்.