படங்கு கட்டிய பிள்ளைகள்

ஆனி மழை விட்டபாடில்லை. தேயிலை மலைக்கு வேலைக்குப் போன தாய்மார் விட்டுப்போன குழந்தைகள் தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவுக்குள் அடைந்து கிடந்து, ஒருவரையொருவர் கடித்து அழுதார்கள். அவர்களைப் பார்த்துக்கொள்ளும் நாகலெட்சுமிக்குப் பொறுக்கவில்லை. கொழுந்தெடுப்பவர்கள் நனையாமலிருக்க இடுப்பில் கட்டும் படங்கில் பழசு ஒன்றைக் கிழித்து ஆளுக்கொரு துண்டு கட்டி, வெளியே விளையாட விட்டாள். மழைத்தண்ணீர் ஓடும் வாசல் கானில் காகிதக் கப்பல் ஓடியது. சிரிப்பு மேட்டு லயத்து வீடுகள்வரை கேட்டது.

தோட்டத்து நலன்புரி அதிகாரி குடையோடு வந்தார்.

"யாரக் கேட்டுப் புள்ளைகள மழையில விட்டீங்க? காய்ச்சல் வந்தா? உள்ள கூட்டிட்டுப் போங்க!"

நாகலெட்சுமி எதிர்மலையைக் காட்டினாள். அங்கே தாய்மார் தொப்பலாக நனைந்து கொழுந்து பறித்துக்கொண்டிருந்தார்கள்.

"மழை ஒடம்புக்கு ஆகாதுங்களா? அப்ப மொதல்ல அவங்கள எறக்குங்க ஐயா. பெறகு நான் இவங்கள உள்ள கூட்டிட்டுப் போறேன்."