அளக்காமல் சொன்ன அரை ஆம்பியர்

"இஞ்சினை அழுத்திப் பிடிச்சு அளந்து பார்த்தீங்களா?" என்று ரயிலம்மா கேட்டார்.

பொம்மை ரயில்களும் அவற்றின் உதிரிப் பாகங்களும் விற்கும் கடை அவருடையது. கேள்வி, மூக்குக்கண்ணாடி விற்கும் கண்ணாடிக்கடைக்காரரைப் பார்த்துக் கேட்கப்பட்டது. பக்கத்தில் அவருடைய சகலை, பேக்கரி வைத்திருப்பவர், ஆவலோடு நின்றுகொண்டிருந்தார்.

சகலையின் மனைவிக்கு முழங்காலில் அறுவை சிகிச்சை நடந்து, நாற்காலியே கதியாகியிருந்தது. அவள் அலுத்துப் போகக் கூடாதென்று கணவர் சமையலறை மேடையிலிருந்து அவள் நாற்காலி வரைக்கும் பலகை போட்டு ஒரு சின்னத் தண்டவாளம் அமைத்தார். மாத்திரை ரயிலில் வரும். பிஸ்கட் ரயிலில் வரும். அவள் சிரித்த சிரிப்பைப் பார்த்து, ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு ரயில் விட வேண்டும் என்று அவருக்கு ஆசை வந்துவிட்டது. ஒரே தண்டவாளத்தில் இரண்டு இஞ்சின்களைத் தனித்தனியே ஓட்ட வேண்டுமானால் ஒவ்வொன்றுக்குள்ளும் டிகோடர் வேண்டும். நகம் அளவுக்கு ஒரு சில்லு. கையில் இருக்கும் கருவி எந்த இஞ்சினின் எண்ணைக் கூப்பிடுகிறதோ அது மட்டும் பதில் சொல்லும். முதல் இஞ்சின் டிகோடரோடு வந்தது. இரண்டாவது, யாரோ கழித்துப் போட்ட பழைய இரும்புடம்புக்காரன். அதற்கு டிகோடர் வாங்கத்தான் இப்போது வந்திருந்தார்கள்.

"புதுசா ஆரம்பிக்கிறவங்களுக்கு இந்தச் சின்ன டிகோடரே போதும். ஆனா பழைய மோட்டார் திணறும்போது நிறைய கரண்ட் இழுக்கும். முக்கால் ஆம்பியருக்கு மேல போனா இது தாங்காது, பெருசுதான் வாங்கணும். அதான் கேட்டேன்" என்றார் ரயிலம்மா.

கண்ணாடிக்கடைக்காரர் பல வருடமாக ரயில் ஓட்டுபவர்தான். ஆனால் அவருடைய இஞ்சின்கள் எல்லாம் டிகோடரோடு வாங்கியவை. அவர் எதையும் அளந்ததில்லை. இப்படி அளக்க வேண்டும் என்பதே அவருக்கு அன்றுதான் தெரியும். அதைச் சொல்லியிருக்கலாம். ஆனால் உள்ளே நுழையும்போதே சகலை, "எங்க அண்ணனுக்குத் தெரியாத ரயிலே கிடையாது" என்று ரயிலம்மாவிடம் பெருமையடித்திருந்தார்.

"அளந்தாச்சு. அரை ஆம்பியர்" என்றார் கண்ணாடிக்கடைக்காரர்.

பொய் சொல்வதற்கு நமக்குப் பெரிய காரணம் எதுவும் வேண்டியிருப்பதில்லை. பக்கத்தில் ஒருவர் நம்மை மெச்சிக்கொண்டு நின்றால் போதும்.

அன்று மாலையே டிகோடரைப் பொருத்தினார்கள். இஞ்சின் பலகையின் முதல் வளைவு வரை போனது, முக்கியது, நின்றது. பிளாஸ்டிக் கருகும் நாற்றம் எழுந்தது. கண்ணாடிக்கடைக்காரர் பதறி அதைத் தூக்கினார். நாற்காலியில் இருந்த மைத்துனி கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "அத்தான், கை சுட்டுடுச்சா?"

சுடவில்லை என்றார். ஆனால் அந்தக் கேள்வி அவரை என்னவோ செய்தது. இப்போதாவது வாயைத் திறக்க வேண்டும் என்று நினைப்பதற்குள் சகலை முந்திக்கொண்டார். சரக்கு சரியில்லை, அந்தக் கடைக்காரி கழிசடையைத் தலையில் கட்டிவிட்டாள், நாளைக்கே போய்க் கேட்கிறேன் என்று குதித்தார். கண்ணாடிக்கடைக்காரர் தலையை ஆட்டவும் இல்லை, மறுக்கவும் இல்லை. இஞ்சினை மட்டும் பார்த்துத் தருகிறேன் என்று பையில் போட்டுக்கொண்டார்.

மறுநாள் சகலை கேட்கத்தான் செய்தார். நாலு பேர் முன்னால் குரலை உயர்த்தினார். ரயிலம்மா எதிர்த்து ஒரு வார்த்தை பேசாமல் புது டிகோடர் எடுத்துக் கொடுத்து, தவறு தன் பக்கம்தான் இருக்கும் என்று வருத்தமும் தெரிவித்தாராம். இதைப் போனில் சொன்ன சகலை, "அண்ணே, மாப்பிள்ளை வீட்டுக்காரங்களுக்குக் காத்திருக்கிற பொண்ணு மாதிரி வாசலையே பார்த்துட்டு உக்காந்திருக்கா உங்க மைத்துனி. சீக்கிரம் வந்து மாட்டிக் குடுங்க" என்றார்.

கண்ணாடிக்கடைக்காரர் அன்று மதியம் தன் கடையில் ஆள் இல்லாத நேரத்தில் மீட்டரை எடுத்தார். இஞ்சினைக் கட்டைவிரலால் அழுத்தினார். சக்கரம் நின்றது, முள் ஏறியது. ஒன்றேகால் ஆம்பியர். புது டிகோடரை மாட்டினால் அதுவும் கருகும்.

சத்தமில்லாமல் பெரிய டிகோடர் ஒன்றை வாங்கி மாட்டிவிட்டால் யாருக்கும் தெரியாது என்று கணக்குப் போட்டுக்கொண்டு ரயிலம்மா கடைக்குப் போனார். அங்கே செவிலியர் உடையில் ஒரு பெண் அந்தச் சின்ன டிகோடரைத்தான் கேட்டுக்கொண்டிருந்தாள். மேலே அவை தொங்கும் கொக்கிகள் காலியாக இருந்தன. பொட்டலங்களையெல்லாம் ரயிலம்மா ஒரு அட்டைப்பெட்டியில் போட்டுத் திருப்பி அனுப்பக் கட்டி வைத்திருந்தார்.

"விக்க மனசு வரலம்மா. ஒண்ணு எரிஞ்சு போச்சு. வாங்கினவர் ஏனோதானோன்னு வாங்கறவர் இல்ல, அளந்து பார்த்து வாங்கினவர்" என்றவர், வாசலில் நின்றவரைப் பார்த்துவிட்டார். "இதோ, அவரே வந்துட்டார்."

செவிலிப் பெண் மரியாதையோடு திரும்பிப் பார்த்தாள். திட்டியிருந்தால் கண்ணாடிக்கடைக்காரர் தாங்கியிருப்பார். சும்மா இந்தப் பக்கம் வந்தேன் என்று ஏதோ முணுமுணுத்துவிட்டுத் தெருவில் இறங்கினார். இறைவா, என் வாயைத் திறந்து விடு என்று வழியெல்லாம் வேண்டிக்கொண்டே நடந்தார். கால்கள் பேக்கரிக்குக் கொண்டுபோய் விட்டன.

சகலை ரொட்டி நறுக்கிக்கொண்டிருந்தார். கண்ணாடிக்கடைக்காரர் மேடையருகே நின்று, அளக்கவே இல்லை என்பதில் ஆரம்பித்து, பெட்டி கட்டி வைத்திருப்பது வரை எல்லாவற்றையும் சொன்னார். சொல்லும்போது ரொட்டிக் கத்தியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சகலை அந்தக் கத்தியைக் கீழே வைத்தார். பிறகு, "உங்க கடையில கண்ணைப் பார்க்காமலே கண்ணாடி குடுத்துருவீங்களோ?" என்றார்.

"குடுத்ததில்ல தம்பி."

"அப்ப நான்தான் இளிச்சவாயன்." சொன்னவரின் முகத்தில் சிரிப்பு வரவில்லை. "அந்தம்மாவை வாய்க்கு வந்தபடி பேசிட்டேன் அண்ணே. சின்னப் பசங்க நின்னாங்க. திருடின்னு கூடச் சொன்னேன்."

"என்னை நம்பித்தானே பேசின. நான் போய்ச் சொல்லிடறேன்."

சகலை இடுப்பில் கட்டியிருந்த மாவுத் துணியை அவிழ்த்து ஆணியில் மாட்டினார். "பேசினது என் வாய். இருங்க, நானும் வரேன்" என்றார். கோபம் ஆறியிருக்கவில்லை. ஆனாலும் தெருவில் கூடவே நடந்தார். தலைகுனிந்து போகிறவனுக்குப் பக்கத்தில் ஒருவர் நடப்பது எவ்வளவு பெரிய தானம் என்பது அப்படி நடந்தவர்களுக்குத்தான் தெரியும்.

கடை காலியாக இருக்க வேண்டும் என்று கண்ணாடிக்கடைக்காரர் ஆசைப்பட்டார். இல்லை. நான்கைந்து பேர் நின்றார்கள். அவர் காத்திருக்கவில்லை, காத்திருந்தால் மறுபடி திரும்பி வந்துவிடுவோம் என்ற பயம். எல்லார் காதிலும் விழும்படியே சொன்னார்.

"உங்க சரக்குல குத்தம் இல்லம்மா. நான் அளக்கவே இல்ல. பொய் சொல்லிட்டேன்."

பிறகு சகலை தன் பங்குக்கு மன்னிப்புக் கேட்டார். ரயிலம்மா இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் முகம் ஒரு கணம் இறுகியது, உண்மைதான். திட்ட அவருக்கு உரிமை இருந்தது. குனிந்து அட்டைப்பெட்டியை இழுத்தார். கட்டைப் பிரித்தார்.

"எனக்குக் கை எட்டாது. நீங்களே மாட்டிடுங்க" என்றார்.

கண்ணாடிக்கடைக்காரர் முக்காலியில் ஏறினார். சகலை கீழே நின்று ஒவ்வொரு பொட்டலமாக நீட்டினார். மேலே நின்றவர் காது மடல் வரை சிவந்துபோய், யாரையும் பார்க்காமல், ஒவ்வொன்றாகக் கொக்கியில் மாட்டிக்கொண்டு வந்தார். அப்போதுதான் உள்ளே வந்த ஒருவர் அவரைக் கடை ஆள் என்று நினைத்து அண்ணாந்து கேட்டார்: "ஏங்க, முதமுதலா வாங்கறவங்க இதுல எதை எடுக்கறது நல்லது?"

"எனக்குத் தெரியாதுங்க. அந்தம்மாவைக் கேளுங்க" என்றார் அவர், அடுத்த பொட்டலத்துக்குக் கையை நீட்டியபடி.